ஆஸ்டின் நகர மன்றத்தில் உங்கள் குரல்: சம்பளம், காவல் பயிற்சி, வரி பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டிய சொத்து வரி பில் கைக்கு வந்ததும், ஆஸ்டினில் உள்ள நம் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். இவ்வளவு வரி எதற்கு, 911-ஐ அழைத்தால் போலீஸ் வர ஏன் இத்தனை நேரம், சிட்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் எப்படிச் சம்பள உயர்வு என்று கேள்விகள் வரிசையாக வரும். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றைக் கேட்க வேண்டிய காலம் ஐந்து மாதங்களுக்கு முன்பே போய்விட்டது. வரி விகிதத்துக்கு ஓட்டுப் போடுவது ஆகஸ்டில். அதற்கான வாக்குவாதம் நடப்பது ஜூலையில். அந்த ஆறு வாரங்களில் நகர மன்றக் கூடத்துக்கு வந்து பேசுகிறவர்களில் நம் ஆட்கள் மிகக் குறைவு.

பேச உரிமை இல்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமை இருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் பேசலாம், ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவும் தமிழிலேயே பேசலாம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. முதலில் நீங்கள் இருப்பது ஆஸ்டின்தானா என்று பாருங்கள்

கடித முகவரியில் ஆஸ்டின் என்று இருப்பதால் மட்டும் நீங்கள் ஆஸ்டின் நகர எல்லைக்குள் இருப்பதாக ஆகிவிடாது. அஞ்சல் துறையின் எல்லை வேறு, நகரத்தின் எல்லை வேறு. நம் மக்கள் நிறையப் பேர் இருக்கும் ஏவரி ராஞ்ச், வில்லியம்சன் கவுன்டியில் இருந்தாலும் ஆஸ்டின் நகரத்துக்குள் வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே சீடர் பார்க், லியாண்டர், ரவுண்ட் ராக் ஆகியவை தனித்தனி நகரங்கள். அவற்றுக்குத் தனி மேயர், தனி போலீஸ், தனி வரி. எந்த நகரத்திலும் சேராமல் 'மட்' எனப்படும் குடிநீர்–கழிவுநீர் மாவட்டங்களில் இருக்கும் குடியிருப்புகளும் உண்டு. அங்கே பொதுவாக ஷெரிஃப் துறைதான் (கவுன்டியின் போலீஸ்) காவல்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, உங்கள் சொத்து வரி பில்லை எடுத்துப் பார்ப்பது. 'சிட்டி ஆஃப் ஆஸ்டின்' என்ற வரி அதில் இருந்தால் நீங்கள் உள்ளே. வாடகை வீட்டில் இருப்பவர்கள் நகரத்தின் இணையதளத்தில் உள்ள எல்லை வரைபடத்தில் முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். உங்கள் கவுன்சில் மாவட்ட (அதாவது நகர மன்றத் தொகுதி) எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 'லிமிடெட் பர்ப்பஸ்' என்று வந்தால் அது ஒரு விசேஷ நிலை: அங்கே இருக்கும் குடிமக்கள் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம், ஆனால் நகரச் சொத்து வரி கிடையாது.

2. யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். நம் ஊரில் மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காவல் துறை மாநில அரசின் கையில். இங்கே ஆஸ்டின் போலீஸ் முழுக்க நகரத்தின் துறை. ஆள் எடுப்பது, பயிற்சி தருவது, சம்பளம் போடுவது எல்லாம் நகர பட்ஜெட்டிலிருந்துதான்.

மன்றத்தில் 11 பேர். மேயரை நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். மற்ற 10 பேரும் மாவட்டத்துக்கு ஒருவர். 2012-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட இந்த முறையில் முதல் தேர்தல் 2014-இல் நடந்தது. இப்போதைய மேயர் கர்க் வாட்சன். மேயருக்கு ஒரே ஒரு ஓட்டுத்தான். அவர் தனியாக எதையும் உத்தரவிட முடியாது. அன்றாட நிர்வாகம் சிட்டி மேனேஜரிடம். நம் ஊர் மாநகராட்சி ஆணையர் போன்ற பதவி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இவரை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் மன்றமே. 2023 பிப்ரவரியில் அப்போதைய மேனேஜரை மன்றம் நீக்கவும் செய்தது. 2024 மே முதல் டி.சி. பிராட்நாக்ஸ் இந்தப் பொறுப்பில் இருக்கிறார். பட்ஜெட் வரைவைத் தயாரிப்பவர் அவர். போலீஸ் தலைவரை நியமிப்பவரும் அவர்.

அதனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். "எங்கள் தெருவுக்கு ரோந்து வர வேண்டும்" என்பது துறைக்குச் சொல்ல வேண்டியது. அவசரமில்லாத விஷயங்களுக்கான நகர எண்ணான 311-ஐ அழைத்தால் போதும். "பயிற்சிக்கு இவ்வளவு பணம் ஒதுக்குங்கள், அதற்கு இந்த நிபந்தனை வையுங்கள்" என்பது மன்றத்திடம் கேட்க வேண்டியது.

3. காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டியவை

நகரத்தின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. சிட்டி மேனேஜர் ஜூலையில் வரைவைக் கொடுப்பார். ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் முதலிலும் பொது விசாரணைகளும் பணி அமர்வுகளும் நடக்கும். ஆகஸ்ட் நடுவில் ஓட்டெடுப்பு. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்று நாம் ஊருக்குப் போயிருக்கும் காலம் அது. ஊரில் இருந்தாலும் கூட்டங்களை நேரலையில் பார்க்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். வியாழக்கிழமைக் கூட்டங்களில் தொலைபேசி வழியாகப் பேசவும் பதிவு செய்யலாம்.

இன்னொரு தேதி மே 15. வீட்டின் மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பொதுவான கடைசி நாள். அது நகர மன்றத்தின் வேலை அல்ல, டிராவிஸ் மத்திய மதிப்பீட்டு மாவட்டத்தின் வேலை (வில்லியம்சன் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கவுன்டியின் மதிப்பீட்டு மாவட்டம்). மதிப்பீடு அதிகம் என்று நகர மன்றத்தில் போய் முறையிட்டுப் பயனில்லை. விகிதம் அதிகம் என்றால் மட்டும் அங்கே போங்கள்.

4. சம்பளத்தைப் படிப்பது

2025–26-க்கான நகரத்தின் மொத்த பட்ஜெட் ஏறத்தாழ 630 கோடி டாலர் என்ற எண் செய்திகளில் வந்தது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், அதை வைத்து வாதாடவும் வேண்டாம். அதில் பெரும்பகுதி ஆஸ்டின் எனர்ஜி, ஆஸ்டின் வாட்டர், விமான நிலையம் என்று தாங்களே கட்டணம் வசூலித்துத் தாங்களே செலவு செய்யும் அமைப்புகளுடையது. நாம் கட்டும் சொத்து வரியும் விற்பனை வரியும் போய்ச் சேர்வது 'ஜெனரல் ஃபண்ட்' எனும் பொது நிதிக்கு. அது சுமார் 150 கோடி டாலர். போலீஸ், தீயணைப்பு, அவசர மருத்துவம், பூங்காக்கள், நூலகங்கள் எல்லாம் இதிலிருந்துதான். முதல் மூன்றுமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. போலீஸ் மட்டும் ஏறத்தாழ 50 கோடி டாலர்.

இந்தப் பொது நிதியின் பெரும் செலவு ஆட்களுக்கான சம்பளமும், மருத்துவக் காப்பீடும், ஓய்வூதியமும்தான். ஆகவே ஆஸ்டினில் வரி விவாதம் என்று நடப்பது உண்மையில் சம்பள விவாதம். 3 சதவீத உயர்வா 4 சதவீதமா என்பதில்தான் நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறக்குமா, நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பாரா என்பது அடங்கியிருக்கிறது.

நகர ஊழியர்களில் இரண்டு வகை உண்டு. போலீஸ், தீயணைப்பு, அவசர மருத்துவப் பணியாளர்களுக்குச் சங்கம் மூலம் நகரத்தோடு உட்கார்ந்து பல ஆண்டு ஒப்பந்தம் போட டெக்சஸ் சட்டம் வழிவிடுகிறது. நூலகர், பூங்காப் பணியாளர், குப்பை வண்டி ஓட்டுநர், 911 அழைப்பை எடுப்பவர் போன்ற மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய சங்கம் மன்றத்துக்கு வந்து பேசலாம், கோரலாம்; ஆனால் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் உயர்வு முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், பணம் குறையும் ஆண்டில் கத்தி விழுவது இரண்டாவது வகையினர் மேல். அவர்களுக்காகப் பேச ஜூலையில் ஆள் வேண்டும்.

2022-இல் நகர ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்தினார்கள். டெக்சஸில் தனியார் நிறுவனங்களுக்கு 7.25 டாலருக்கு மேல் குறைந்தபட்ச ஊதியம் விதிக்க நகரங்களுக்கு அதிகாரம் இல்லை. தன் ஊழியர்களுக்குத் தானே கூட்டிக் கொடுப்பது ஒன்றுதான் நகரத்தின் கையில் இருந்தது. என்னைக் கேட்டால் சரியான முடிவு அது. அதே பட்ஜெட்டில் மன்ற உறுப்பினர்களின் சொந்தச் சம்பளமும் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்தது. செய்தியில் அடிபட்டது அதுதான். ஆனால் அந்த இரண்டாவது உயர்வு மொத்தச் செலவில் ஒரு துளி. பேசப் போகும் முன், கோபத்தைத் தூண்டுவது எது, பணத்தை நகர்த்துவது எது என்று பிரித்துப் பாருங்கள்.

5. போலீஸ் ஒப்பந்தமும் பயிற்சியும்

இங்கே கொஞ்சம் நின்று பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் போய்ப் பேசினால், எதிரே இருப்பவர்கள் உங்களை ஏதோ ஒரு அணியில் சேர்த்துவிடுவார்கள்.

2020 ஏப்ரலில் மைக் ராமோஸ் என்பவரை ஆஸ்டின் போலீஸ் அதிகாரி சுட்டதில் அவர் இறந்தார். அடுத்த மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டார். தெருவில் போராட்டங்கள். ஆகஸ்டில் மன்றம் ஒருமனதாக, சுமார் 43.4 கோடி டாலராக இருந்த போலீஸ் பட்ஜெட்டில் 15 கோடி டாலர் அளவுக்கு வெட்டவும் இடம் மாற்றவும் முடிவு செய்தது. உடனடி வெட்டு சுமார் 2 கோடி டாலர்தான். மீதி பெரும்பாலும் துறை மாற்றமும் பின்னால் ஆராயலாம் என்று ஒதுக்கி வைத்ததும். அந்த உடனடி வெட்டில் முக்கியமானது பயிற்சி: புதிதாகச் சேரவிருந்த மூன்று கேடட் வகுப்புகள் ரத்தாயின.

காரணமும் இருந்தது. அகாடமியில் (போலீஸ் பயிற்சிப் பள்ளியில்) ராணுவ பாணியில் மிரட்டிப் பயிற்றுவிக்கிறார்கள், பொதுமக்களை எதிரிகளாகப் பார்க்கப் பழக்குகிறார்கள் என்று அங்கே படித்த முன்னாள் கேடட்களே புகார் சொல்லியிருந்தார்கள். பாடத்திட்டத்தைச் சீரமைத்த பிறகு திறக்கலாம் என்பது மன்றத்தின் எண்ணம். க்ரோல் என்ற வெளி ஆலோசனை நிறுவனத்தை மதிப்பீட்டுக்கு அமர்த்தினார்கள். 2021 மே மாதம் மன்றம் ஒப்புதல் தர, ஜூனில் சீரமைக்கப்பட்ட அகாடமியின் முதல் வகுப்பு, 144-ஆவது கேடட் வகுப்பு, தொடங்கியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற்றுப் போனவர்களும் விலகியவர்களும் விட்ட இடங்களை நிரப்பப் புதியவர்கள் இல்லை. நூற்றுக்கணக்கில் காலியிடங்கள் சேர்ந்தன. ஒரு கேடட் தேர்வாகிப் பயிற்சி முடித்து, மூத்த அதிகாரியோடு களத்தில் பழகித் தனியாக வண்டி ஓட்டிப் போக ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதனால்தான் 2020-இல் எடுத்த முடிவின் விளைவு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. 2021-இல் வந்த ஹவுஸ் பில் 1900, இரண்டரை லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரம் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் அதன் சொத்து வரி வருவாயை உயர்த்த முடியாதபடி கட்டுகிறது. எனவே இன்று "போலீஸுக்குப் பணத்தைக் குறையுங்கள்" என்று மன்றத்தில் பேசினால், உறுப்பினர் ஒப்புக்கொண்டாலும் செய்ய முடியாது. அந்தக் கதவைச் சட்டம் அடைத்துவிட்டது. மறுபக்கம், ஆயிரம் பேருக்கு இரண்டு அதிகாரிகள், ஆண்டுதோறும் கூடுதலாக 40 மணி நேரப் பயிற்சி என்று கட்டாயமாக்கக் கேட்ட 2021 நவம்பர் மக்கள் வாக்கெடுப்பையும் ஆஸ்டின் வாக்காளர்கள் ஏறத்தாழ 68 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். செலவு ஐந்து ஆண்டில் 27 கோடியிலிருந்து 60 கோடி டாலர் வரை போகலாம் என்று நகர நிதித் துறை கணக்குச் சொன்னது அதற்கு ஒரு பெரிய காரணம். 2023 மே மாதம் காவல் துறை மீது வெளிக் கண்காணிப்பை வலுப்படுத்தும் சட்டத்துக்கு அதே வாக்காளர்கள் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு தந்தார்கள்.

கடைசியாக 2024 அக்டோபரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிவானது. ஐந்து ஆண்டில் 28 சதவீதச் சம்பள உயர்வு, மொத்தச் செலவு சுமார் 21.8 கோடி டாலர். அதிகாரிகள் மீதான சில புகார்க் கோப்புகளை ரகசியமாக வைத்திருக்கும் 'ஜி-ஃபைல்' முறை முடிவுக்கு வந்ததும் அதே ஒப்பந்தத்தோடுதான். சம்பளமும் கண்காணிப்பும் ஒரே மேசையில் பேரம் பேசப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆக, பயிற்சி பற்றிப் பேச விரும்புகிறவர் "அதிகம் கொடுங்கள்", "குறையுங்கள்" என்ற இரண்டோடு நின்றுவிடக் கூடாது. ஆட்கள் எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் பேச நிறையப் பேர் வருவார்கள். என்ன கற்றுத் தருகிறார்கள், அதை யார் அளக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. மனநலச் சிக்கலில் இருப்பவரை அணுகுவதற்கு எத்தனை மணி நேரம்? ஆங்கிலம் தெரியாத முதியவரை நிறுத்தி விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் முறை பாடத்தில் இருக்கிறதா? பாதியில் விலகும் கேடட்கள் எத்தனை பேர், ஏன்? வெளி மதிப்பீட்டுக்கு இந்த ஆண்டு பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? மாநிலம் ஒரு புதிய அதிகாரிக்கு 700 மணி நேரத்துக்கு மேல் அடிப்படைப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. பணியில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 40 மணி நேரம். ஆஸ்டின் அகாடமி மாநிலக் குறைந்தபட்சத்தைத் தாண்டி ஏறக்குறைய எட்டு மாதம் நடக்கிறது. அந்தக் கூடுதல் மாதங்களில் என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் நகரத்தின் முடிவு இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிகள் காலை நடைக்குத் தனியாகப் போகிறார்கள். மேலே உள்ள இரண்டாவது கேள்வி அவர்களுக்கானது. அதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

6. வரிக் கணக்கு

டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. அந்த இடத்தைச் சொத்து வரியும் விற்பனை வரியும் பிடித்துக்கொள்கின்றன. கடையில் கட்டும் 8.25 சதவீதத்தில் மாநிலத்துக்கு 6.25, நகரத்துக்கு 1, பேருந்து–ரயில் நடத்தும் கேப்மெட்ரோவுக்கு 1.

சொத்து வரி பில்லில் பள்ளி மாவட்டம், நகரம், கவுன்டி, சென்ட்ரல் ஹெல்த் எனும் பொதுச் சுகாதார மாவட்டம், சமுதாயக் கல்லூரி என்று பல பேர் இருப்பார்கள். பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. நகரத்தின் வரியை மட்டும் தனியே பாருங்கள். 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று விகிதம் இருக்கும்.

வீட்டின் மதிப்பு 5,00,000 டாலர், நீங்களே குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஹோம்ஸ்டெட்' விலக்காக நகரம் 20 சதவீதம் கழிக்கிறது. வரி விதிக்கத்தக்க மதிப்பு 4,00,000. விகிதம் 52.4017 சென்ட் என்றால் நகர வரி 2,096 டாலர். 57.4017 சென்ட் என்றால் 2,296 டாலர். வித்தியாசம் ஆண்டுக்கு 200 டாலர், மாதத்துக்கு 17 டாலர் அளவில். (ஹோம்ஸ்டெட் விலக்குக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கும் முன் அதைச் செய்யுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30.)

நான் சொன்ன இரண்டு விகிதங்களும் 2025-இல் உண்மையிலேயே மோதிக்கொண்டவை. 2019-இல் வந்த செனட் பில் 2-இன்படி, நகரங்கள் அன்றாடச் செலவுக்கான சொத்து வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் வாக்காளர்களைக் கேட்க வேண்டும். அதற்கு முன் அந்த வரம்பு 8 சதவீதம். புதிய கட்டடங்களிலிருந்து வரும் வரி இந்தக் கணக்கில் சேராது. 3.5 சதவீதம் என்பது மொத்த வருவாய்க்கான வரம்பு, உங்கள் வீட்டு பில்லுக்கான வரம்பு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லா வீடுகளின் மதிப்பும் ஏறினால் விகிதம் இறங்கியாக வேண்டும்.

சம்பளமும் மருத்துவச் செலவும் 3.5 சதவீதத்தைவிட வேகமாக ஏறின, விற்பனை வரி எதிர்பார்த்த அளவு வரவில்லை, கோவிட் காலத்தில் வந்த மத்திய அரசுப் பணமும் தீர்ந்தது. எனவே 2025 ஆகஸ்டில் மன்றம் 57.4017 சென்ட் விகிதத்தை ஏற்று, 'ப்ரொப்பொசிஷன் க்யூ' என்ற பெயரில் நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. கூடுதலாக 11 கோடி டாலர் கிடைத்திருக்கும். வாக்காளர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நவம்பரிலேயே மன்றம் மறுபடி உட்கார்ந்து 52.4017 சென்ட்டுக்குள் பட்ஜெட்டைத் திருத்தி எழுதியது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றுவார் என்பது ஒரு பக்கம். மாதாமாதம் வரும் மின்–குடிநீர் பில்லை மடிப்புப் பிரித்துப் பாருங்கள்: சாலைப் பராமரிப்புக்கு ஒரு கட்டணம், மழைநீர் வடிகாலுக்கு ஒன்று, தூய்மைக்கு ஒன்று. 3.5 சதவீத வரம்பு இவற்றைத் தொடாது, ஜூலை வரைவில் இவையும் உயரும். இதைக் கவனித்துக் கேள்வி கேட்பவர்கள் மிகச் சிலர்.

7. எதைப் படிப்பது

ஆயிரம் பக்க வரைவைப் படிக்க வேண்டாம். மூன்று இடங்கள் போதும். ஒன்று, வரைவில் உங்கள் அக்கறைக்குரிய ஒரு துறையின் பக்கங்கள் மட்டும். இரண்டு, பட்ஜெட் கேள்வி–பதில்கள்: உறுப்பினர்கள் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்கும் கேள்விகளும் வரும் பதில்களும் நகர இணையதளத்தில் போடப்படுகின்றன. அகாடமிச் செலவு, ஓவர்டைம், காலியிடம் எல்லாம் எளிய மொழியில் கிடைப்பது அங்கேதான். மூன்று, கவுன்சில் மெசேஜ் போர்டு. உறுப்பினர்கள் ஆறு பேர் சேர்ந்து தனியறையில் பேசி முடிவெடுப்பது டெக்சஸ் திறந்த கூட்டச் சட்டப்படி குற்றம். ஆகவே "நூலகத்துக்கு இவ்வளவு சேர்க்கலாம், இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம்" என்ற பேரங்களை அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் போடுகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தினமும் பத்து நிமிடம் அதைப் படித்தால், எந்தத் திருத்தம் ஒரு ஓட்டில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அஜெண்டா கூட்டத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே வெளிவர வேண்டும். அதில் உங்கள் விஷயம் 'கன்சென்ட்' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேறும். பெரிய தொகைக்கான ஒப்பந்தங்களும் அதில் இருப்பதுண்டு. தனியாக விவாதிக்க வேண்டும் என்றால் உங்கள் மாவட்ட உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதி, அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

8. பேசப் போகும் நாள்

வழக்கமான கூட்டங்கள் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு, மேற்கு 2-ஆம் தெருவில் 301-ஆம் எண் சிட்டி ஹாலில். செவ்வாய்க்கிழமைகளில் பணி அமர்வு. தொலைபேசியில் பேசுபவர்கள் முந்தின நாளே பதிவு செய்ய வேண்டும். நேரில் வருபவர்கள் கூட்டம் தொடங்கும் முன் பதிந்தாக வேண்டும். கீழே உள்ள கார் நிறுத்தத்தில் எடுக்கும் சீட்டை மேலே கொண்டுவாருங்கள், முத்திரை வைத்துத் தருவார்கள்.

மூன்று நிமிடம் தருவார்கள் என்று நினைத்துத் தயாரித்து, ஒரு நிமிடத்துக்கும் ஒரு வடிவம் வைத்திருங்கள். கூட்டம் அதிகமானால் நேரத்தைக் குறைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுபவருக்கு இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். அம்மாவோ அப்பாவோ பேச விரும்பினால், முன்கூட்டியே நகர அலுவலகத்துக்குச் சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அவர்கள் தமிழில் பேசுவதற்குத் தயங்க வேண்டாம்.

என்ன பேசுவது என்பதற்கு ஒரு மாதிரி:

"வணக்கம். நான் ஆறாவது மாவட்டத்தில் இருக்கிறேன். அகாடமிக்கான ஒதுக்கீட்டை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையைச் சேர்க்கக் கேட்கிறேன். ஆங்கிலம் பேசாதவர்களை அணுகுவதற்கான பயிற்சி எத்தனை மணி நேரம், அதை யார் மதிப்பிட்டார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுப் பாதுகாப்புக் குழுவில் அறிக்கை வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரை ஓர் அதிகாரி நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிய வேண்டும். நன்றி."

அவ்வளவுதான். ஒரு கோரிக்கை, ஒரு காரணம், உங்கள் மாவட்டம். பத்துக் கோரிக்கைகளை அடுக்கினால் ஒன்றும் பதியாது. கடுமையாக விமர்சிக்கவும் உரிமை உண்டு; விமர்சனத்தைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் "எங்கள் வரிப் பணம்" என்று தொடங்குவதைவிட "இந்தத் துறையின் இந்த ஒதுக்கீட்டில்" என்று தொடங்குபவரைப் பார்த்துத்தான் உறுப்பினர்கள் பேனாவை எடுக்கிறார்கள்.

பேசி முடித்ததும், அதையே அன்று மாலைக்குள் மின்னஞ்சலாக உங்கள் மாவட்ட உறுப்பினரின் பட்ஜெட் உதவியாளருக்கு அனுப்புங்கள். திருத்தத்தை எழுதும் கை பெரும்பாலும் அந்த உதவியாளருடையது.

9. குடியுரிமை இல்லாதவர்கள் தொடக் கூடாதவை

இதைக் கவனமாகப் படியுங்கள். பேசலாம், எழுதலாம், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கலாம். ஆனால் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் படிவத்தை வேகமாக நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் தவறி டிக் அடித்தால்கூடப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே பாதிக்கலாம், நாடு கடத்தல் வரை போகலாம். கடை வாசலில் கையெழுத்து வேட்டை நடத்துபவர்கள் அன்பாகக் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மனுக்கள் பதிவான வாக்காளர்களுக்கு மட்டும். விசாவில் இருப்பவர்கள் தேர்தல் வேட்பாளருக்கு நன்கொடை தருவதும் சட்டப்படி குற்றம், நகர மன்றத் தேர்தலாக இருந்தாலும். கிரீன் கார்டு உள்ளவர்கள் நன்கொடை தரலாம்.

10. ஓட்டெடுப்பு நாளும் அதற்குப் பிறகும்

ஆகஸ்டில் ஓட்டெடுப்பு நடக்கும்போது ஒன்றல்ல, மூன்று தனித்தனி ஓட்டுகளைப் பார்ப்பீர்கள்: பட்ஜெட்டை ஏற்பது, போன ஆண்டைவிடச் சொத்து வரி வருவாய் அதிகமாகும் என்பதை உறுதிசெய்வது, வரி விகிதத்தை ஏற்பது. வருவாயை உயர்த்தும் விகிதத்துக்கு 60 சதவீத உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். பதினொரு பேரில் ஏழு. ஒவ்வொருவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பதிவாகும். உங்கள் உறுப்பினரின் மூன்று ஓட்டுகளையும் எழுதி வையுங்கள். பட்ஜெட்டுக்கு ஆம் சொல்லி விகிதத்துக்கு இல்லை சொல்பவர்களும் உண்டு. அடுத்த தேர்தலில் அவரிடம் அதைக் கேட்கலாம்.

நீங்கள் கேட்ட நிபந்தனை சேர்ந்திருந்தால், முதல் அறிக்கை எந்த மாதம் வரும் என்று உறுப்பினரின் அலுவலகத்திலேயே கேட்டு, பொதுப் பாதுகாப்புக் குழுவின் அஜெண்டாவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் நகரத்துக்கு எழுதிக் கேட்கலாம். பத்து வேலை நாட்களுக்குள் பதில் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். விண்ணப்பிக்கக் குடியுரிமை தேவையில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை மட்டும் துல்லியமாக எழுதுங்கள்.